இரவல் குடிசை

வண்டியை நிறுத்தினா, வீட்டைக் காணோம்.

வேப்பமரம் இருக்கு. அடிபம்பு இருக்கு. துணி துவைக்கிற கல்லு இருக்கு. வீடு மட்டும் இல்ல. வீடு இருந்த இடத்துல கூட்டிப் பெருக்கின வெறும் தரை. அதுல சுண்ணாம்பால நாலு கோடு, ஒரு மூலையில ஒரு செங்கல். செங்கல்லுல மஞ்சளும் பூசியிருக்கு, கரியால ஒரு சிலுவையும் போட்டிருக்கு.

அதுக்குப் பக்கத்துல அருள்மேரி அக்கா பட்டுப்புடவை கட்டிக்கிட்டு, தலை நிறைய கனகாம்பரத்தோட நிக்கிறாங்க. அவங்க வீட்டுக்காரர் சவரிமுத்து வெள்ளைச் சட்டையில. ரெண்டு பேர் முகத்துலயும் கல்யாணக் களை.

"வாங்க பாப்பா. போட்டோவுக்கு நேரா நிக்கவா, கொஞ்சம் சாஞ்சு நிக்கவா?"

"வீடு எங்கக்கா?"

"இடிச்சாச்சு!"

என்ன பெருமை அந்தச் சொல்லுல!

இதை எழுத உட்கார்ந்து மூணு தடவை எழுந்துட்டேன். ஒரு தடவை காபி, ஒரு தடவை காயாத துணியைத் தொட்டுப் பாக்க, ஒரு தடவை சும்மா வாசல் வரைக்கும். போன வாரம் இந்தத் தொடர்ல என் மாமியாரைப் பத்தி எழுதினப்போ இவ்வளவு தவிப்பு இல்ல. அவங்களாவது என்கிட்ட நேர்ல சண்டை போட்டுடுவாங்க.

வரிசை தப்பினது எங்கே

விஷயம் தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். அப்போ நான் ஒன்றிய ஆபீஸ்ல, அரசாங்க வீட்டுத் திட்டத்துக்குத் தற்காலிக ஆளா இருந்தேன். குடிசையில இருக்கிறவங்களுக்குக் கான்கிரீட் வீடு. முதல்ல கிராம சபையில பட்டியல் வாசிப்பாங்க. பேர் வந்தவங்க, இருக்கிற குடிசைக்கு முன்னாடி நிக்கணும். நான் ஆபீஸ் குடுத்த ஆப்ல படம் எடுக்கணும். எந்த இடத்துல எடுத்தேன்னு போனே குறிச்சுக்கும். படம் மேல போய் சரின்னு வந்தாத்தான் ஒர்க் ஆர்டர். அது கைக்கு வந்த பிறகுதான் குடிசையைப் பிரிக்கலாம்.

இவங்க பட்டியல் வந்ததுமே பிரிச்சுட்டாங்க.

"நீங்கதான பாப்பா போன்ல சொன்னீங்க, பேரு வந்துருச்சு, சந்தோஷமா இருங்கன்னு?"

சொன்னது நான்தான். படம் எடுக்க மறுநாளே வரேன்னும் சொன்னேன். வந்தது ஆறு நாள் கழிச்சு. பெரம்பலூர்ல அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. அத்தை நான் இல்லாம அது நடக்குமா? போனவ அப்படியே ரெண்டு நாள் கூடத் தங்கி, மிச்ச பலகாரத்தையும் தின்னுட்டு வந்தேன். அந்த ஆறு நாளுக்குள்ள ஆனி முடியப் போகுதுன்னு எனக்கு ஞாபகமே இல்ல.

கொத்தனாருக்கு இருந்தது. "ஆடி பொறந்துட்டா நான் கடப்பாரையைத் தொட மாட்டேன். இடிக்கிறதுன்னா இப்பவே இடி, கல்லு வை. இல்லன்னா ஆவணிக்கு என்னைத் தேடாத"ன்னு சொல்லிட்டாராம்.

எனக்கு வந்தது பாருங்க கோபம். "ஏங்கண்ணே, ஞாயித்துக்கிழமை தவறாம பூசைக்குப் போறவங்க நீங்க. உங்களுக்கென்ன ஆடி, ஆவணி?"

சவரிமுத்து தலையைச் சொறிஞ்சாரு. "நமக்கு இல்லைங்க. கொத்தனாருக்கு இருக்குல்ல? அதோட, எல்லாரும் வேண்டாங்கிற மாசத்துல நாம மட்டும் எதுக்கு ஆரம்பிச்சுக்கிட்டு?"

ஜெயங்கொண்டத்துக்கும் வரதராசன்பேட்டைக்கும் நடுவுல இருக்கிற அந்த ஊர்ல இதுக்குப் பதில் பேச யாராலயும் முடியாது. மாதா கோயில் திருவிழாவுக்கு வேண்டிக்கிற அதே வாய்தான் அஷ்டமி நவமி பாக்கும்.

ஓவர்சியருக்குப் போன் போட்டேன். அவரு நல்ல மனுஷன்தான். ஆனா சொன்னது இதுதான்: "இடிச்ச வீட்டுக்கு நான் என்னம்மா பண்றது? படம் இல்லன்னா பேரு அடுத்த ஆளுக்குப் போயிடும். இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள ஏத்தணும்."

வேப்பமரத்தடியில ஒரு தார்ப்பாயைக் கட்டி, அதுக்குள்ள பீரோ, பாத்திரம், ரெண்டு பொண்ணுங்களோட ஸ்கூல் பை எல்லாம் கிடந்தது. இருந்த வீடும் போச்சு, வரப்போற வீடும் போகப்போகுது. அக்கா இன்னும் சிரிச்ச முகத்தோடதான் நின்னாங்க, நான் எப்படியும் சரி பண்ணிடுவேன்னு நம்பிக்கிட்டு.

பட்டுப்புடவையும் பொத்தலும்

இந்தப் பட்டுப்புடவை விஷயத்தைச் சொல்லிடறேன், இல்லன்னா மறந்துடுவேன்.

குடிசை எவ்வளவு மோசமா இருக்குன்னு காட்டத்தான் படம். ஆனா படம் எடுக்க ஆள் வருதுன்னு தெரிஞ்சா நம்ம ஜனங்க என்ன செய்வாங்க? வாசல் தெளிச்சு, பெரிய கோலம் போட்டு, செவுத்துப் பொத்தலைக் காலண்டரை மாட்டி மறைச்சு, இருக்கிறதுலயே நல்ல புடவையைக் கட்டிக்கிட்டு நிப்பாங்க. ஒரு அம்மா கூரைக் கிழிசல் தெரியக்கூடாதுன்னு அது மேல புதுப் போர்வையே விரிச்சு வச்சிருந்தாங்க. "எடுங்கம்மா அதை, பொத்தல் தெரிஞ்சாத்தான் வீடு வரும்"னு கத்தினேன். "ஊரு பாக்கப்போற போட்டோவுல பொத்தலோடயா நிப்பேன்?"னு திருப்பிக் கத்தினாங்க. போர்வையோடதான் எடுத்தேன். நல்லவேளை, வீடு வந்தது.

எனக்கு அந்த ரோஷம் தெரியும். நான் வளர்ந்ததும் அரசாங்க வீட்டுலதான்.

குடை முனையில விழுந்த தளம்

பூலாம்பாடி பக்கம், தொகுப்பு வீடு. எங்கப்பாவுக்கு எப்போ குடுத்ததுன்னு அப்பாவுக்கே சரியா ஞாபகம் இல்ல. எனக்கு விவரம் தெரிஞ்சப்போ தளத்துல காரை பெயர்ந்து கம்பி தெரியும். துருப்பிடிச்ச கம்பி. மழை நாள்ல சாப்பிட உட்கார்ந்தா தட்டை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கிட்டே சாப்பிடணும். சோத்துல காரை விழுந்தா அம்மா அந்த உருண்டையை மட்டும் எடுத்துப் போட்டுட்டு, "மிச்சத்தைத் தின்னு"ம்பாங்க.

அப்பாவுக்கு சிமெண்டு லாரியில வேலை. ஆலத்தியூர்ப் பக்கம் போயிட்டு தலைமுடி, புருவம் எல்லாம் சாம்பல் நிறத்துல திரும்புவாரு. ஊருக்கெல்லாம் சிமெண்டு ஏத்துறவரு, சொந்த வீட்டுத் தளத்தைப் பூச ஒரு மூட்டைக்கு வழியில்லாம உட்கார்ந்திருந்தாரு. இதை நினைச்சா இன்னைக்கும் எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

பழைய தொகுப்பு வீடுகளை அரசாங்கமே பழுது பாக்கப் போறதா ஒரு வருஷம் பேச்சு வந்தது. பாத்து எழுத ஒரு அதிகாரி வந்தாரு. உள்ள வந்து அண்ணாந்து பாத்து, "அப்படியொண்ணும் மோசமில்லையே"ன்னு கையில இருந்த குடையால தளத்தை ஒரு தட்டு தட்டினாரு. பாதிச் சோத்துப்பானை அளவுக்கு ஒரு காரைக்கட்டி அவரு செருப்புக்குப் பக்கத்துல விழுந்தது. மனுஷன் ஒரே தாவுல வாசல்ல! அங்க நின்னே எழுதினாரு: மிகவும் பழுது. அதுக்கப்புறம் அந்தத் தெருவுல ஒரு வீட்டுக்குள்ளயும் அவரு போகல. எல்லா வீட்டுக்கும் அதையே எழுதிட்டுப் போனாரு. தெருவே அவருக்கு நன்றி சொன்னது.

நான் இந்த வேலைக்கு வந்தப்போ மனசுல இருந்தது அந்த ஆள்தான். ஒரு ஆள் எழுதுற ஒரு வரியில ஒரு தெருவே நனையாம படுக்கலாம். அந்த வரியை எழுதுற இடத்துல நான் இருக்கணும்னு நினைச்சேன். வரி தப்பாப் போனா என்ன ஆகும்னு அப்போ நான் யோசிக்கல.

"என் வூட்டை எடுத்துக்க"

சரி, வேப்பமரத்தடிக்கே வந்துடறேன்.

அருள்மேரி அக்காவுக்கு விஷயம் மெதுவாப் புரிஞ்சது. சிரிப்பு போச்சு. சத்தம் போட்டு அழல. தலையில இருந்த கனகாம்பரத்தை எடுத்து மடியில வச்சுக்கிட்டாங்க. அதைப் பாக்க முடியாம நான் வண்டியைச் சுத்திச் சுத்தி நடந்தேன். சாவியை எடுக்கிறதும் போடுறதுமா இருந்தேன்.

அப்போதான் முள்வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து காளியம்மா அக்கா வந்தாங்க. பக்கத்துக் குடிசை. புருஷன் இல்ல, ஒரே பொண்ணையும் கட்டிக் குடுத்தாச்சு. நாலு ஆடும், முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலையும்தான் அவங்க பிழைப்பு. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் நின்னிருக்காங்க.

"ஏம் பாப்பா, ஒனக்குத் தேவை ஒரு குடிசைதான? என் வூட்டு முன்னாடி இவள நிக்க வச்சு எடுத்துக்க."

"அது எப்படிக்கா?"

"எல்லாம் குடிசைதான. போட்டோ என்ன பேரு கேக்குதா?"

எங்க பக்கத்துல இரவல் குடுக்கிறது ஒரு பெரிய விஷயமே இல்ல. பொண்ணு பாக்க வந்தா பக்கத்து வீட்டு நாற்காலி வரும், எதிர் வீட்டு டம்ளர் வரும். பொண்ணு கழுத்துல கிடக்கிற சங்கிலிகூட யாரோடதோ. முடிஞ்சதும் அதது அவங்கவங்க வீட்டுக்குப் போயிடும். காளியம்மா அக்கா குடிசையைக் குடுத்ததும் அந்த மாதிரிதான். நான் வாங்கினதும் அந்த மாதிரிதான்.

வேலிக்கு அந்தப் பக்கம் இருபது அடி இருக்கும். அந்த வித்தியாசத்தை ஆப் கண்டுக்காதுன்னு எனக்குத் தெரியும். தப்புன்னும் தெரியும். ஆறு நாள் தள்ளிப்போட்டவ நான். என் தப்பை மூட எனக்கு ஒரு குடிசை கிடைச்சுது, அவ்வளவுதான்.

காளியம்மா அக்கா கொடியில கிடந்த தன் துணியை உருவிக்கிட்டாங்க. ஆட்டை எல்லாம் பின்பக்கம் ஓட்டினாங்க. நீல பெயிண்ட் அடிச்ச தகரக் கதவை ஒருக்களிச்சு வச்சு, "இப்ப நில்லுடி. பூவை வைச்சுக்க, மூதேவி மாதிரி நிக்காத"ன்னு அருள்மேரி அக்காவைத் திட்டினாங்க. நான் அழுத்தினேன். படம் ஏறிடுச்சு.

ஒர்க் ஆர்டர் வந்தது. ஆவணியில வேலை ஆரம்பிச்சு, பங்குனியில தளம் போட்டாங்க. பங்குத்தந்தை வந்து வீட்டை மந்திரிச்சு ஆசீர்வாதம் பண்ணினாரு. புது வீட்டுல முதல் பந்தியில என்னை உட்கார வச்சாங்க. பரிமாறினது காளியம்மா அக்கா. என் இலையில ரெண்டாவது தடவை பாயசம் ஊத்திட்டு, "அடுத்தது எனக்குத்தான பாப்பா?"ன்னாங்க.

"கண்டிப்பாக்கா"ன்னேன்.

ஒரே கதவு

ரெண்டு வருஷம் கழிச்சு புதுப் பட்டியல். காளியம்மா அக்கா பேர் வந்தது. அந்தத் தடவை நான் சொன்ன நாளுக்கே போனேன். அதே குடிசை, அதே நீலக் கதவு. அவங்க பட்டுக்கு எங்க போவாங்க, பொண்ணு எடுத்துக் குடுத்த பூனம் புடவையில நின்னாங்க. எடுத்து ஏத்திட்டு மோர் குடிச்சிட்டு வந்தேன். எனக்கு எதுவுமே உறைக்கல. சத்தியமா உறைக்கல.

மேல படங்களைச் சரிபாக்கிற யாரோ ஒருத்தர் கண்ணுல அந்தக் கதவு பட்டிருக்கு. ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்திருக்காங்க. ஒரே குடிசை, ரெண்டு பொம்பளைங்க. முதல் பொம்பளைக்கு வீடு கட்டி முடிஞ்சு கணக்கும் மூடியாச்சு. அப்போ ரெண்டாவது ஆள்தான் பொய்.

கடிதம் என் மேஜைக்கே வந்தது. மனுதாரர் வேறொருவரின் குடிசை முன் நின்று தவறான தகவல் அளித்துள்ளதால் நிராகரிக்கப்படுகிறது. அதை அவங்க விலாசத்துக்கு டைப் அடிச்சு அனுப்புறது என் வேலை. அடிச்சேன். கவர்ல போட்டு ஒட்டினேன். ஒட்டும்போதாவது கை நின்னிருக்கலாம்.

அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. ரேஷன் கடையில குடுத்துப் படிக்கச் சொல்லியிருக்காங்க. வரிசையில நின்ன அத்தனை பேர் முன்னாடியும் படிச்சிருக்காங்க.

மறுநாள் ஆபீசுக்கு வந்துட்டாங்க. "நான் பொய் சொன்னேனாம் பாப்பா. என் வூட்டு முன்னாடி நான் நின்னதுக்கா?"

நான் சொல்லியிருக்கணும். சொன்னா என் வேலை போகும். அதுகூடப் பரவாயில்ல. அருள்மேரி அக்காவுக்கு நோட்டீஸ் போகும், வாங்கினதைத் திருப்பிக் கட்டச் சொல்லலாம், ரெண்டு பொண்ணுங்களை வச்சுக்கிட்டு அவங்க எங்க போவாங்க? இப்படியெல்லாம் எனக்கு நானே நியாயம் பேசிக்கிட்டேன். இதுல எவ்வளவு அக்கா மேல இருந்த அக்கறை, எவ்வளவு வேலைப் பயம்னு இன்னைக்கும் எனக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியல.

"மனு எழுதித் தரேங்க்கா. கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை குடுங்க"ன்னேன்.

மனு சுத்தின சுத்து

நல்லாத்தான் எழுதினேன். ஏழை, விதவை, இடியும் நிலையில் குடிசை. உண்மையைத் தவிர எல்லாத்தையும் எழுதினேன்.

அரியலூர்ல குடுத்தாங்க. ரசீது வாங்கினாங்க. மனு அங்கிருந்து ஒரு ஆபீஸ் போய், அங்கிருந்து இன்னொரு ஆபீஸ் போய், தக்க நடவடிக்கைக்குன்னு சீல் குத்தி, கடைசியில எங்க வந்தது தெரியுமா? என் மேஜைக்கு. நான் எழுதின மனுவுக்கு நானே பதில் அடிக்கணும். ஏற்கனவே நிராகரிக்கப்பட்டதுன்னு அடிச்சேன். திரும்ப அவங்க வந்தாங்க, திரும்ப எழுதிக் குடுத்தேன். மூணு தடவை இந்தக் கூத்து நடந்தது. ஒவ்வொரு தடவையும் போறப்போ "ஒனக்குத்தான் பாப்பா எவ்வளவு சிரமம்"னுட்டுப் போவாங்க. செருப்பால அடிச்சிருந்தா தேவலை.

அப்புறம் என் ஒப்பந்தம் முடிஞ்சுது. புதுப்பிக்கக் கேக்கவே இல்ல நான். இப்போ ஜெயங்கொண்டத்துல ஜெராக்ஸ் கடை. கும்பகோணம் பஸ் திரும்புற இடத்துல இருக்கு. அந்த ஊர்க்காரங்க யாராவது பஸ்ஸை விட்டு இறங்கினா, பேப்பர் தேடுற மாதிரி மேஜைக்குக் கீழ குனிஞ்சுக்குவேன். எத்தனை நாள் குனியறது?

முந்திரிக்கொட்டை

இந்தத் தொடர்ல ஆபீஸ் வேலையைப் பத்தி எழுத வேண்டிய வாரம் வந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளல. எழுதினா இதைத்தான் எழுதணும். அவங்களுக்குச் சொல்லாம எப்படி எழுத? போன செவ்வாய்க்கிழமை கடையைப் பூட்டிட்டுப் போனேன்.

காளியம்மா அக்கா குடிசைக்குள்ள உட்கார்ந்து வறுத்த கொட்டையை உடைச்சுக்கிட்டு இருந்தாங்க. விரல்ல கொட்டை எண்ணெய் ஏறி தோல் உரிஞ்சிருந்தது, சாம்பலைத் தொட்டுத் தொட்டுக் கட்டையால தட்டினாங்க. கூரையில ரெண்டு இடத்துல வெளிச்சம் தெரிஞ்சது. நின்னுக்கிட்டே எல்லாத்தையும் சொல்லி முடிச்சேன். உட்கார்ந்தா பாதியில நிறுத்திடுவேன்னு பயம்.

கட்டை நின்னுடுச்சு.

"அப்ப நான் பொய்க்காரின்னு அடிச்ச லெட்டரு..."

"நான்தாங்க்கா அடிச்சேன்."

"மனுவுக்கு வந்த பதிலு?"

"நான்தான்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதாங்க்கா."

எதையாவது எடுத்து எறிவாங்கன்னு நினைச்சேன். எறியல. நானே தொடர்ந்தேன். "கலெக்டருக்கு உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடறேங்க்கா. கொண்டுவந்திருக்கேன். நீங்க சரின்னா இன்னைக்கே குடுக்கறேன்."

"குடுத்தா அருளு வூடு?"

"நோட்டீஸ் வரலாம்."

அப்போதான் அவங்களுக்குக் கோபம் வந்தது. சாம்பல் கையோட எழுந்துட்டாங்க. "தப்பு பண்ணது நீ. அதைச் சரி பண்ணணுமா வேணாமான்னு நான் சொல்லணுமா? சரின்னா அவ புள்ளைங்கள நான் தெருவுல நிறுத்துன மாதிரி. வேணாம்னா நானே என் வூட்டை வேணாம்னு சொன்ன மாதிரி. நல்லா இருக்கும்மா ஒன் நியாயம்! அன்னைக்குக் குடிசையத்தான் கேட்ட, குடுத்தேன். இன்னைக்கு இதையும் என்கிட்டயே கேக்குற."

அவங்க சொன்னதுல ஒரு வார்த்தைகூடத் தப்பில்ல. வேலிக்கு அந்தப் பக்கம் அருள்மேரி அக்கா வீட்டு மோட்டார் ஓடுற சத்தம் கேட்டது.

"அந்தக் காயிதத்தைக் கிழிச்சிப் போடு"ன்னாங்க.

கிழிச்சேன்.

"போ."

வந்துட்டேன். வண்டியை எடுக்கிறப்போ, இன்னொண்ணும் சொல்லாம வந்துட்டோமேன்னு திரும்ப வாசலுக்குப் போனேன். உள்ள போகத் தைரியம் இல்ல. வெளியில நின்னே சொன்னேன், இதைப் பத்திரிகையில எழுதப்போறேன், பேரெல்லாம் மாத்திடுவேன், ஊரையும் சொல்ல மாட்டேன்னு. உள்ள கொட்டை உடைபடுற சத்தம் மட்டும் வந்துக்கிட்டே இருந்தது.

"எழுதறதுன்னா எழுது"ன்னாங்க கடைசியில, வெளிய வராமலே. "எழுதிட்டு மனசு லேசாயிட்டேன்னு மட்டும் முடிக்காத. எனக்கு இன்னும் வூடு வரலன்னு எழுது."

காளியம்மாவுக்கு இன்னும் வீடு வரல.